டெல்மரின் இத்தாலியத் துப்பாக்கி

நூறு களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டால் டெல்மர் கிர்ஷ்னர் அறுபத்தாறைச் சுட்டு உடைப்பார். வெயிலடித்தாலும் அறுபத்தாறு, காற்று வீசினாலும் அறுபத்தாறு. எங்கள் கிளப்பில் பொத்தானை அழுத்தித் தட்டு எறிவதும், உடைந்ததையும் தப்பியதையும் எழுதிவைப்பதும் பதினோரு வருடமாக என் வேலை. அவர் வண்டியை விட்டு இறங்கும் முன்பே அந்த எண்ணை எழுதிவிட்டு நான் காபி குடிக்கப் போயிருக்கலாம்.

விஸ்கான்சினில் மூன்று ஊர்களில் மெத்தைக் கடை வைத்திருப்பவர். "மெத்தை உங்க உடம்புக்குப் பொருந்தலைன்னா தூக்கம் எங்கேருந்து வரும்?" என்று உள்ளூர் வானொலியில் தானே விளம்பரம் பேசுவார். கடைசியில் அந்த விளம்பரத்தை அவரே நம்பிவிட்டார். தப்பிப்போகிற முப்பத்துநாலு தட்டுக்கும் காரணம், அப்பாவிடமிருந்து வந்த பழைய துப்பாக்கியின், தோளில் பதியும் மரக்கட்டை தன் உடம்புக்குப் பொருந்தாததுதான் என்று முடிவுகட்டினார்.

"இத்தாலியில எனக்குன்னே செஞ்சு தர்றாங்க. நாப்பதாயிரம் டாலர்" என்று கிளப்பில் எல்லோர் காதிலும் விழும்படி அறிவித்தார்.

பிளம்பர் புட்ச் ஸாஸ்ட்ரோ அப்போது சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். விரிசல் விட்ட கட்டையில் கறுப்பு டேப் சுற்றிய துப்பாக்கியால் எண்பத்தெட்டு சுடுகிறவன் அவன். "யோவ், அதுல பாதியைக் குடு. வாழ்நாள் பூரா உன் பக்கத்துல நின்னு உனக்காக நானே சுடறேன்" என்றான்.

கிரீன் பே பக்கம் நோரீன் வாண்டர்ஹைடன் என்றொரு பெண் இருந்தாள். தையற்காரர் ஆளைப் பார்த்துச் சட்டைக்கு அளவெடுப்பதுபோலத் துப்பாக்கிக் கட்டைக்கு அளவெடுப்பது அவள் தொழில். அவள் எடுக்கும் அளவைத்தான் இத்தாலிக்கு அனுப்ப வேண்டும். துணைக்கு என்னையும் டெல்மர் இழுத்துக்கொண்டு போனார். நோரீனிடம் இருந்த அளவுத் துப்பாக்கியின் கட்டை முழுவதும் திருகாணிகளும் கீல்களும். நீட்டலாம், குறுக்கலாம், உயர்த்தலாம், பக்கவாட்டில் வளைக்கலாம்.

"சுடும்போது போடற கோட்டைக் கொண்டுவரச் சொன்னேனே?" என்றாள்.

"அதைப் போட்டா குண்டாத் தெரியும்."

நோரீன் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"சரி, கண்ணை மூடிக்கிட்டு துப்பாக்கியைத் தோள்ல வைங்க. இப்ப கண்ணைத் திறங்க."

டெல்மர் தொப்பையை உள்ளே இழுத்தார். நெஞ்சை நிமிர்த்தினார். முகவாயை உயர்த்தி, நகரச் சதுக்கத்தில் நிற்கும் தளபதி சிலை மாதிரி நின்றார். பதினோரு வருடத்தில் அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

"மூச்சை விடுங்க."

"விட்டுட்டேன்."

"விடலை."

"நான் எப்பவுமே இப்படித்தாங்க நிப்பேன்."

காலித் துப்பாக்கிதானா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டு, நோரீன் குழலின் முன்பக்கம் வந்து நின்று அவர் கண் எங்கே இருக்கிறது என்று கவனித்தாள். திருகாணிகளைத் திருகினாள், எண்களைக் குறித்தாள். அடியில் ஒரு வரி எழுதி, "இதைப் படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க" என்றாள். 'வாடிக்கையாளர் நின்ற விதம் அவர் விருப்பம்' என்று இருந்தது. டெல்மர் படிக்காமலே போட்டார். அவர் கண்ணெல்லாம் வால்நட் மரத்துண்டுகளின் படங்கள்மேல்தான். அளவுக்குப் பன்னிரண்டு நிமிடம் கொடுத்தவர், மரத்தின் ரேகையைத் தேர்ந்தெடுக்க மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார். எஃகுப் பகுதியில் தன் நாய் டச்சஸின் உருவத்தைச் செதுக்கச் சொன்னார். வேட்டுச் சத்தம் கேட்டால் சோபாவுக்கடியில் போய் ஒன்றுக்குப் போகிற நாய் அது. எஃகில் அது ஒரு காலைத் தூக்கி, காட்டையே ஆளப்போவதுபோல நிற்கிறது.

பதினாலு மாதம் கழித்துத் துப்பாக்கி வந்தது. தோல் பெட்டியை அவர் திறந்தபோது, எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டுதான் ஆட்கள் கிட்டப் போனார்கள். அழகு என்றால் அப்படியொரு அழகு. புட்ச்கூட சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டான்.

டெல்மர் களத்தில் நின்று "விடு!" என்று கத்தினார். நான் பொத்தானை அழுத்தினேன். தட்டு முழுசாகப் பறந்து போய்ப் புல்லில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அன்று அவர் உடைத்தது நாற்பத்தொன்று.

முதல் வாரம் தோட்டா சரியில்லை என்றார். இரண்டாம் வாரம் தட்டின் நிறம். மூன்றாம் வாரம் நான் பொத்தானைத் தாமதமாக அழுத்துவதாகப் புகார். கட்டை இடித்து இடித்துக் கன்னம் வீங்கிப்போய் வானொலியில் அவர் குரலே மாறிவிட்டது.

கடைசியில் நோரீனையே வரவழைத்தார். வெள்ளையடித்த இரும்புத் தகட்டின் நடுவைக் குறிபார்த்துச் சுடச் சொன்னாள். ரவை முழுக்க ஒரு முழம் மேலே போய் அப்பியிருந்தது. கோட்டும் தொப்பையுமாக, கன்னத்தைக் கட்டையில் அழுத்திக் கூனி நின்ற டெல்மரை அவள் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள்.

"நான் அளவெடுத்த ஆள் இன்னைக்கு வரலையா?"

கிளப்பே சிரித்தது. நானும்தான்.

"கட்டையோட மேல்பக்கத்தை அறுத்து, ஏத்தி இறக்கற மாதிரி கம்பி வெச்சுத் தர்றேன். நீளத்தையும் கொஞ்சம் குறைக்கலாம்" என்றாள்.

"இந்த மரத்துல ரம்பமா? என் கையை வேணா அறுங்க."

மரத்தை மாற்றுவதைவிட மனிதன் மாறுவது சுலபம் என்று அவர் தீர்மானித்தார். பீரை நிறுத்தினார். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு எல்லோரும் கூடும் இடத்தில் டப்பாவில் செலரிக் கீரைத் தண்டு கொண்டுவந்து மென்றார். "வீட்ல ஒரு ஒட்டகச்சிவிங்கி வளக்கறேன்" என்று அவர் மனைவி கார்லீன் புலம்பினாள். ஐந்து மாதத்தில் நாற்பது பவுண்டு இறக்கினார். தளபதி சிலை இப்போது மூச்சு விட்டுக்கொண்டே நின்றது.

அன்று முப்பத்தொன்பது.

தொப்பையோடு கன்னமும் வற்றிப்போயிருந்தது. அளவெடுத்த அன்று தொப்பையை உள்ளே இழுக்க முடிந்தது. கன்னத்தை யார் இழுப்பது? இப்போது கட்டையில் முகத்தை வைத்தால் கண் கீழே இறங்கி, குழலுக்குப் பதில் அதன் பின்புறத்து எஃகுதான் தெரிந்தது. தட்டு எங்கே பறக்கிறதென்று பார்க்கவே அவருக்கு வழியில்லை.

"நாப்பது பவுண்டு குறைச்சதுக்கு ரெண்டு தட்டுதான்யா குறைஞ்சிருக்கு. லாபம்தான்" என்றான் புட்ச்.

டெல்மர் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். காபி எடுத்துக்கொண்டு போனேன்.

"அந்தப் பொம்பளை முன்னாடி தொப்பையைத் தள்ளிக்கிட்டு நிக்க வெக்கமா இருந்துச்சுப்பா" என்றார், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. "அவ்ளோதான் விஷயம். வேற ஒண்ணுமில்லை."

அவரைக் கிண்டல் செய்ய எத்தனையோ வார்த்தைகள் தயாராக வைத்திருந்தேன். காபிக் கோப்பையின் மூடியைத் திறந்து அவரிடம் நீட்டினேன்.

மறுவாரம் நோரீன் ரம்பத்தை எடுத்தாள். அவர் கூடவே நின்றார். மூன்று மணி நேரம் பார்த்துத் தேர்ந்தெடுத்த ரேகையின் நடுவே பல் இறங்கியபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். என் விரல்கள் நசுங்கின. அறுத்த துண்டை இரண்டு கம்பிமேல் ஏற்றி, ஒரு சின்னச் சாவியால் உயர்த்தவும் தாழ்த்தவும் வழிசெய்தாள். பார்க்கச் சாய்வு நாற்காலியின் தலைப்பகுதி மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அவர் சுட்டது அறுபத்தொன்பது. நாற்பதாயிரம் டாலரும், பதினாலு மாதமும், ஒரு மூட்டை செலரியும் சேர்ந்து வாங்கித்தந்தது மூன்று தட்டு. அவருக்கு அதில் சந்தோஷம்தான். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், குழந்தைபோலச் சந்தோஷப்பட்டார்.

எங்களுக்குத்தான் தொல்லை. இப்போது ஒவ்வொரு சுடுமிடத்திலும் நின்று, சாவியை எடுத்து, காற்றைப் பார்த்து, கட்டையை ஒரு நூல் ஏற்றி, அரை நூல் இறக்குகிறார். பின்னால் ஐந்து பேர் துப்பாக்கியை நடுவில் மடித்துத் திறந்து கையில் தொங்கவிட்டபடி நிற்கிறார்கள். "டெல்மர், பனி விழறதுக்குள்ள சுட்டுடு!" என்று புட்ச் கத்துகிறான். அவர் கையை மட்டும் உயர்த்திக் காட்டுகிறார், இன்னும் ஒரே ஒரு திருகு என்று.