ஏழுக்குக் கட்டிய அரைஞாண்

அப்பாவின் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஒரு குற்றமும் பதிவாகியதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வான் ஓடியவர், ஒரு தண்டப் பத்திரம்கூட வாங்கியதில்லை. வீட்டுக்கு வருகிற எவரும் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் இதைக் கேட்டே ஆகவேண்டும். தபால்காரர் கேட்டிருக்கிறார். காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் இரண்டு தரம் கேட்டிருக்கிறார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் கேட்டார்கள். அவர்கள் திரும்பி வராததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

அதனால் போன வருடம் பொலிசிலிருந்து அப்பாவின் பெயருக்குக் கடிதம் வந்தபோது, அதை மறைக்கத்தான் முதலில் பார்த்தேன். கொழும்பில் ஒரு சந்தியில் சிவப்பு விளக்கு எரியும்போது அப்பாவின் வான் கோட்டைத் தாண்டியதைக் கமரா பிடித்துவிட்டதாம். பதிவு செய்த உரிமையாளர் நிலையத்துக்கு வந்து பதில் சொல்ல வேண்டுமாம். அப்பாவின் முழங்கால் மடங்குவதில்லை. லிங்கநகர் வீட்டின் படலைக்கும் முன்விறாந்தைக் கதிரைக்கும் இடையில்தான் அவருடைய போக்குவரத்து எல்லாம். வானை விற்றுப் பதினாறு வருடமாகிறது.

கடிதத்தை மறைக்க முடியவில்லை. அப்பாவுக்குக் கால்தான் சரியில்லை, கண் கழுகுக் கண்.

"சிவப்பு லைட்டோ? நானோ?" என்று எழும்ப முயன்றார். "நான் ஓடின காலத்தில இந்த ஊரில சிவப்பு லைட்டே இல்லை, பிள்ளை!"

அது உண்மைதான். அந்த நாட்களில் எங்கள் ஊரில் வாகனங்களை நிறுத்தியவை இரண்டு. ஒன்று, மான்கள். அரசாங்க அலுவலகமான கச்சேரிப் பக்கம் மான் கூட்டம் றோட்டில் படுத்துவிட்டால் ஹோர்ன் அடித்தும் பயனில்லை, அப்பா என்ஜினை நிறுத்திவிட்டு வெற்றிலை மடிப்பார். மற்றது சென்றி, இராணுவக் காவலரண். ஆமிக்காரர் கையை நீட்டினால் நின்றுவிட வேண்டும், அவர் கொப்பியில் வான் நம்பரை எழுதி முடிக்கும் மட்டும் மூச்சு விடாமல் இருக்க வேண்டும். கொழும்புக் கமரா செய்கிற வேலையை எங்கள் ஊரில் ஒரு கொப்பியும் பென்சிலும் செய்தன.

காலையில் அப்பா பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவார். முன்சீட்டில் அம்மா. இழுத்துத் திறக்கும் கதவின் பூட்டுப் பழுதாகி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அம்மாதான் இறங்கி அதை அவிழ்ப்பார், பிள்ளைகளின் தலைமயிரைத் தடவிவிட்டுக் கட்டுவார். துறைமுகத்தடியால் திரும்பும்போது எல்லாப் பிள்ளைகளும் ஒரு பக்கம் சாய்ந்து கப்பல் எண்ணுவோம். வானும் சேர்ந்து சாயும். "மற்றப் பக்கமும் ரெண்டு பேர் இருங்கோவன், கவிழ்த்துப் போடாதேங்கோ" என்று அப்பா கத்துவார். அந்தச் சத்தத்துக்காகவே நாங்கள் சாய்ந்தோம்.

ஒருநாள் போகும்போது சென்றியில் எழுதிய நம்பரும், திரும்பும்போது எழுதிய நம்பரும் ஒத்துப்போகவில்லை. கடல்காற்றில் பின்கதவு நம்பரின் வெள்ளை உதிர்ந்து, ஏழு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. போன வான் வரவில்லை, போகாத வான் வந்திருக்கிறது! அப்பாவைப் பின்னேரம் வரைக்கும் வெயிலில் இருத்தி வைத்தார்கள். அந்தக் காலத்தில் அப்படி இருத்தி வைக்கப்பட்ட எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடவில்லை. அப்பா வந்தார். அம்மா அவரைக் கண்டதும் அழவில்லை, ஏசினார்.

அடுத்த நாள் சல்லி மீனவக் கிராமத்து ஆளொருவரிடம் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற் வாங்கிவந்து, வானுக்குப் பின்னால் பலகைக் கட்டையில் குந்தியிருந்து, அம்மா தன் கையாலேயே நம்பரை எழுதினார். கோடு போட்டு அளக்கவில்லை, வாயை இறுக்கிக்கொண்டு ஒரே மூச்சில் எழுதினார். கடைசியில் ஏழின் நடுவில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"இதென்ன, ஏழுக்கு அரைஞாண் கட்டியிருக்கிறீர்?" என்று அப்பா பகிடி பண்ணினார்.

"கட்டாட்டி ஒண்டெண்டு நினைச்சு உங்களைப் பிடிச்சு வைச்சிருவாங்கள். இனி ஒருத்தனும் பிழையா வாசிக்க ஏலாது."

பிறகு ஒருவரும் பிழையாக வாசிக்கவில்லை. சென்றிகள் போய், பாலங்கள் வந்து, கிண்ணியாவுக்குப் போக மிதவைக்குக் காத்திருந்த காலமும் போய்விட்டது. அம்மாவுக்கு வருத்தம் வந்து கொழும்பு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தபோது, அப்பா வானை விற்றார். வாங்கியவர் மூதூரில் மீன் வியாபாரி. எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற மாதிரித்தான்: பெயர் மாற்றும் படிவத்தில் விற்பவர் கையெழுத்தை மட்டும் போட்டு, வாங்குபவர் பெயரை எழுதாமல் கொடுத்துவிடுவது. வாங்குபவர் வசதிப்படும்போது பதிவார் என்பது பேச்சு. வசதி யாருக்குத்தான் வந்திருக்கிறது? வான் போய் மூன்றாம் மாதம் அம்மா போய்விட்டார். அப்பா அதன்பிறகு ஸ்ரேரிங்கில் கை வைக்கவேயில்லை.

கடிதம் வந்த அன்றே அந்த வியாபாரியின் போன் நம்பரைத் தேடிப் பிடித்துக் கதைத்தேன். "நான் அதைக் குறிஞ்சாக்கேணி ஆளொருத்தருக்குக் குடுத்திட்டனே, தங்கச்சி. அவர் குருநாகல் பக்கம் வித்திட்டாரெண்டு கேள்வி" என்றார். கையெழுத்துப் போட்ட அந்தத் தாளும் வானோடு ஊர் ஊராகப் போயிருக்கிறது. பதிவில் மட்டும் அப்பா அசையாமல் இருந்திருக்கிறார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். வான் விற்கப்பட்டுவிட்டது, ஓடியவர் அப்பா அல்ல, பெயரை நீக்குங்கள் என்று மூன்று பந்தி. அப்பா கையெழுத்துப் போட்டால் போதும், அவருடைய அனுமதிப்பத்திரம் பழையபடி பால்போல் இருக்கும்.

"முத்து முத்தா எழுதியிருக்கிறீர்" என்றார் அப்பா. வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, அனுமதிப்பத்திரத்தைப் பழைய பிளாஸ்ரிக் உறையோடு பொக்கற்றில் வைத்து, தன் மானத்தைக் காப்பாற்றப் புறப்பட்டார். ஓட்டோவில் ஏற்ற நானும் ஓட்டோக்காரரும் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது.

நிலையத்தில் இருந்த அதிகாரி தமிழர், பொறுமையானவர். அப்பாவுக்குக் கதிரை போட்டு, எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். கமரா முன்பக்கத்தைப் பார்ப்பதில்லையாம், பின்னாலிருந்துதான் பிடிக்குமாம். வாகனம் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க விளக்குச் சிவப்பாக இருக்கும் படம் ஒன்று, அதே சிவப்பில் சந்தி நடுவே நிற்கும் படம் இன்னொன்று. இரண்டும் இருந்தால் தப்ப வழியில்லை. மூன்றாவதாக நம்பரைப் பெருப்பித்து ஒரு படம். ஸ்ரேரிங் பிடித்தவர் யார் என்று கமராவுக்குத் தெரியாது. அது நம்பரைத்தான் கேட்கும், நம்பர் யாருடைய பெயரைச் சொல்கிறதோ அவருக்குக் கடிதம் போகும்.

"ஆனா இந்த நம்பர் கொஞ்சம் கரைச்சல் குடுத்திருக்கு, ஐயா. கொம்பியூட்டரால வாசிக்க ஏலாமப் போச்சாம், கையால எழுதினதெண்டபடியா. அங்க இருக்கிற ஒராள் பெருப்பிச்சுப் பாத்துத்தான் பதிஞ்சவராம். நடுவில கோடு இருந்ததாலதான் ஏழெண்டு பிழையில்லாமத் தெரிஞ்சது."

படங்களை மேசையில் வைத்தார். மூன்றாவது படத்தில் வேறொன்றும் இல்லை. பின்கதவின் ஒரு துண்டு, அதில் அம்மாவின் எழுத்து. பெயின்ற் வெடித்திருந்தது, ஓரம் மங்கியிருந்தது. ஏழு தன் அரைஞாணோடு அப்படியே நின்றது.

அப்பா அதைக் கையில் எடுத்தார். நானும் குனிந்து பார்த்தேன். அம்மா வாயை இறுக்கிக்கொண்டு குந்தியிருந்தது அப்படியே கண்ணுக்குள் வந்தது.

"இந்தப் படம் எங்களுக்குக் கிடைக்குமோ, தம்பி?" என்று அப்பா கேட்டார்.

"விற்றதெண்டு நீங்கள் கடிதம் தந்தால் ஃபைல் எல்லாம் கொழும்புக்குத் திரும்பப் போகும், ஐயா. வைச்சிருக்கிறவரைத் தேடிப் பிடிச்சு, அந்த நம்பரையும் அழிச்சு ஒழுங்கான தகடு போடச் சொல்லுவினம். பதிவுகாரர் பொறுப்பெடுத்தால் மட்டும்தான் படத்தோட பிரதி குடுக்கிறது. ஆனா குற்றம் உங்கட லைசென்சில விழும். உங்களுக்கேன் அந்தக் கரைச்சல்?"

நான் என்னுடைய மூன்று பந்திக் கடிதத்தை எடுத்து அப்பாவின் முன்னால் விரித்தேன். அப்பா பேனையை வாங்கினார். கடிதத்தை மெல்ல ஒதுக்கிவிட்டு, படங்களோடு அதிகாரி வைத்திருந்த பொறுப்பெடுக்கும் படிவத்தை இழுத்தார்.

"அப்பா, அதில்லை!"

"தெரியும், பிள்ளை." பதிவு செய்த உரிமையாளர் என்ற இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

ஓட்டோவில் வீடு வரும்வரை அவரை ஏசிக்கொண்டே வந்தேன். நாளைக்கு அந்த வான் எங்கே போய் என்ன செய்தாலும் கடிதம் எங்களுக்குத்தான் வரும் என்றேன். இத்தனை வருடம் ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட பெருமை ஒரு நிமிஷத்தில் போயிற்று என்றேன். கச்சேரிப் பக்கம் மான்கள் குறுக்கே படுத்திருந்தன. ஓட்டோ நின்றது, நானும் நிறுத்தினேன். அப்பா படத்தை மடிக்காமல் அனுமதிப்பத்திர உறைக்குள் செருகிக்கொண்டிருந்தார். ஓரம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"கொம்மா எழுதினதுக்கு நான் கையெழுத்துப் போடாம வேற ஆர் போடுறது?" என்றார்.