பாண் வெட்டிய பயனெட்

பயனெட் என்பது துவக்கின் முனையில் செருகும் கத்தி. சுவிஸில் படைக்குப் போனபோது எனக்கும் ஒன்று தந்தார்கள். அங்கே குடியுரிமை கிடைத்த ஆண்பிள்ளை படைக்குப் போகத்தான் வேண்டும். எனக்குப் படிப்பு ஏறவில்லை. தரை போடும் வேலை பழகிக்கொண்டிருந்தேன். கடிதம் வந்தது. போனேன்.

குத்தப் பழக்கியது ஒரு நாள்தான். வைக்கோல் அடைத்த சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். கூவிக்கொண்டு ஓடிப்போய்க் குத்த வேண்டும். மற்றப் பெடியன்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குத்தினேன்.

அதற்குப் பிறகு அந்தப் பயனெட் எதையும் அப்படிக் குத்தவில்லை. டின் திறந்தது. சப்பாத்துச் சேறு சுரண்டியது. கூடார முளையைக் கிளப்பியது. மாட்டுக் கொட்டிலில் படுத்த நாட்களில் மரத்தூணில் அதை ஏற்றி உடுப்புக் கொழுவினோம். கைப்பிடிப் பக்கம் துவக்குக் குழல் நுழைய ஒரு வளையம் உண்டு. அலகை மண்ணில் இறக்கினால் வளையத்தில் மெழுகுதிரி நிற்கும். பயனெட்டைச் சாப்பாட்டுக்குப் பாவிக்கக் கூடாது என்று கோப்ரல் அடிக்கடி சொல்வார். அவருடைய உறையிலேயே சீஸ் ஒட்டியிருக்கும்.

படை முடிய, துவக்கோடு திருப்பிக் கொடுத்தேன். பிறகு கை அதைத் தேடியது. பழைய படைச்சாமான் கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கினேன். லண்டனுக்கு வந்தபோது டூல்ஸ் பெட்டியில் அதுவும் வந்தது.

இங்கே மனைவியின் தம்பியும் நானும் சேர்ந்து தரை போடுகிறோம். அவன் மன்னாரிலிருந்து வந்தவன். முதல் நாள் மத்தியானம் நான் பேக்கரிப் பாணை அதால் வெட்டியதைப் பார்த்தான்.

"என்ன அத்தான் இது? இதாலையோ பாண் வெட்டுறியள்?"

"நல்லா வெட்டும்."

"எங்கடை வீட்டுக்கு ஆமி வந்து இதாலைதான் அரிசி மூட்டையளைக் குத்திப் பாத்தவங்கள். ஆரும் ஒளிச்சிருக்கினமோ எண்டு."

"இருந்தவையோ?"

"ஓம். பின்னாலை அண்ணை இருந்தவர்."

"பட்டதோ?"

"இல்லை. அரிசிதான் கொட்டினது."

கனகாலம் அவன் பாணைக் கையால்தான் பிய்த்துச் சாப்பிட்டான். ஒருநாள் பழைய பசை தரையை விடவில்லை. சுரண்டும் தகடு உடைந்துபோயிற்று. "தாங்கோ அந்தச் சனியனை" என்று கேட்டு வாங்கினான். அதோடு அது அவன் கைக்குப் போய்விட்டது. "சுவிஸ் ஆமி இப்ப என்னட்டை" என்று பகிடி விடுவான்.

ஒரு நாள் காலை டூட்டிங்கில் பாணும் சம்பலும் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனோம். கோலியர்ஸ் வுட்டில் பொலிஸ் மறித்தது. பின் லைட் எரியவில்லையாம். இரண்டு பேர். ஒரு பெண், ஒரு ஆண். லைட்டைப் பார்த்தார்கள். பிறகு வண்டிக்குள்ளும் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்தப் பக்கத்தில் அந்தக் கிழமை ஆரோ ஆரையோ கத்தியால் வெட்டியிருந்தார்கள்.

"அத்தான்."

"என்ன?"

"அது பெட்டிக்கை இல்லை. என்ரை பையுக்கை கிடக்கு. பாணோடை."

டூல்ஸோடு கிடந்தால் வேலைச் சாமான் என்று சொல்லலாம், பைக்குள் என்றால் கத்திதான். அவன் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தான். அகதியாக வந்தவன். அந்தப் பாஸ்போர்ட் வந்தால்தான் ஊருக்குப் போகலாம். தாய் மன்னாரில் படுக்கையில் கிடந்தார். கத்தியோடு பிடிபட்டவன் என்று ஒரு பதிவு விழுந்தால் எல்லாம் முடிந்தது.

அவர்கள் பின்னால் பெட்டியைக் கிளறுவது கேட்டது. பை அவன் காலடியில் இருந்தது. எடுத்து மாற்ற ஏலாது. கண்ணாடியில் ஆண் பொலிஸ் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பெண் முன்பக்கம் வந்தாள். பையைக் காட்டிக் கேட்டாள். சாப்பாடு என்றான். தரச் சொன்னாள். கொடுத்தான். பாண் வந்தது. சம்பல் வந்தது. பயனெட்டைச் சுற்றியிருந்த துவாயைப் பிரித்தாள். ஒரு அடி பின்னால் போய், கைகளைத் தெரிய வைக்கச் சொன்னாள்.

பை யாருடையது என்றாள். தன்னுடையது என்றான். கத்தி? அவன் வாய் திறக்கும் முன் நான் சொன்னேன். என்னுடையது, நான்தான் வைத்தேன், இவனுக்குத் தெரியாது.

"அத்தான், விசர்க்கதை கதையாதேங்கோ."

"வாயைப் பொத்து. கொம்மாவை நினை."

இங்கிலீசில் பேசச் சொன்னாள். என்ன சொன்னாய் என்று கேட்டாள். பாண் காய்ந்துபோகும் என்றேன்.

எதற்குக் கத்தி என்றாள். பாண் வெட்ட என்றேன். நான் நக்கலடிக்கிறேன் என்று நினைத்தாள் போல. என் கையில் விலங்கு போட்டாள். அவன் மறுபடி ஏதோ சொல்ல வந்தான். காலை மிதித்தேன்.

"வீட்டுக்காரன் பாத்துக்கொண்டிருப்பான். போய் வேலையை முடி."

"தனியவோ?"

"கை இருக்குத்தானே."

ஸ்டேஷனில் ஒரு வக்கீலைத் தந்தார்கள். கனக்கப் பேசாதே என்றார். அது எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் விசாரித்தவர் படையைப் பற்றிக் கேட்டார். அங்கே இதை எப்படிப் பாவித்தாய்? டின், சேறு, முளை, மெழுகுதிரி என்று சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஆட்களை? இல்லை என்றேன். திரும்பவும் கேட்டார். இல்லை என்றேன்.

வழக்குப் போடவில்லை. எச்சரிக்கை தந்தார்கள். கைரேகை எடுத்தார்கள். கத்தியை வைத்துக்கொண்டார்கள். எச்சரிக்கையும் ஒரு பதிவுதான். பள்ளிக்கூடங்களில் தரை போடும் வேலை எனக்கு அதோடு போயிற்று.

அவன் பல நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வீட்டில் பலகை போடும்போது கேட்டான்.

"நான் உங்களைக் கேட்டனானோ?"

"இல்லை."

"பின்னை?"

"அந்தப் பக்கத்தைப் பிடி. பலகை வளையுது."

பிடித்தான்.

பாஸ்போர்ட் வந்தது. அடுத்த கிழமையே போனான். மன்னாரிலிருந்து போன் எடுத்தான். நான் முழங்காலில் நின்று மூலைக்குப் பலகை அளந்துகொண்டிருந்தேன்.

"அம்மா பக்கத்திலை, அத்தான். என்ரை கையை விடுறா இல்லை."

"அப்ப ஏன் போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்? வை."

அவன் வைக்கவில்லை. நான் வைத்தேன்.