பாண்டியம்மாளின் ரத்தத்தில் நூறு

பாண்டியம்மாள் கையிலிருந்து மூன்றாவது சட்டியும் விழுந்து உடைந்தபோது, அவள் தாய் சங்கிலியம்மாள் அகப்பைக் காம்பால் மகளின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். பிள்ளைக்கு ஒன்பது வயது. அடித்த இடம் உடனே வீங்கியது. வீங்கிய பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. தானாகத் துள்ளியது, விரல்கள் விரிந்து விரிந்து மடங்கின.

"நான் ஆட்டலை ஆத்தா, அதுவா ஆடுது" என்று பிள்ளை அழுதது.

சங்கிலியம்மாள் நம்பவில்லை. இன்னும் இரண்டு போட்டாள்.

நாடு விடுதலையடைந்த மறு வருஷம், ஆவணி மாதம் அது. வடுகபட்டியில் சங்கிலியம்மாளிடம் வாய் கொடுக்க ஆண்களே யோசிப்பார்கள். தன் வயலுக்கு வந்த தண்ணீரை மடக்கியவனை மண்வெட்டிக் காம்பால் அடித்து வாய்க்காலில் உருட்டிவிட்டவள். கணவன் சுருளியாண்டி அவளை அடிப்பான், அவளும் விடமாட்டாள். கோபம் வந்தால் அந்த வீட்டில் முதலில் எழுவது கைதான்.

பத்தே நாளில் பிள்ளையின் முகம் கோணத் தொடங்கியது. நாக்கு வெளியே வந்து வந்து போனது. நடந்தால் கால் பின்னியது. பழிப்புக் காட்டுகிறாள் என்று வாத்தியார் பிரம்பால் விளாசி வீட்டுக்கு விரட்டினார். தூங்கும்போது மட்டும் எல்லாம் அடங்கிக் கிடந்தது. சுருளியாண்டிக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.

"தூங்குனா இல்ல, முழிச்சா வருதுன்னா அது பேய்தேன்டி" என்று கோடாங்கி பலவேசத்தைக் கூட்டி வந்தான்.

பலவேசம் உடுக்கை அடித்துக் குறி சொன்னான். வாய்க்காலில் விழுந்து செத்தவள் ஒருத்தி பிள்ளைமேல் இறங்கியிருக்கிறாளாம். முதல் நாள் வேப்பங்குழையால் அடித்தான். இரண்டாம் நாள் சாட்டை. "போறியா, மாட்டியா?" என்று ஒவ்வொரு துள்ளலுக்கும் ஓர் அடி. பிள்ளையின் முதுகு கிழிந்து பாவாடை நனைந்தது. சங்கிலியம்மாள்தான் மகளின் இரண்டு தோளையும் அமுக்கிப் பிடித்திருந்தாள். பின்னாளில் அவள் எவரிடமும் சொல்லக் கூசியது இதைத்தான்.

மூன்றாம் நாள் அவன் இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சினான். பிள்ளை கத்தப் பார்த்தது. நாக்குப் புரளாமல் "ஆத்... ஆத்..." என்று மட்டும் வந்தது. கம்பி தொடையில் பட்டுச் சதை பொசுங்கிய வாடை எழுந்ததுமே சங்கிலியம்மாள் பிடியை விட்டாள். உடுக்கையைப் பறித்துப் பலவேசத்தின் வாயிலேயே ஓங்கிப் போட்டாள். முன்பற்கள் இரண்டு தெறித்தன. தடுக்க வந்த கணவனின் முழங்கையில் அதே கம்பியால் ஓர் இழுப்பு இழுத்தாள்.

"என் பிள்ளை மேல பேய் இல்லடா. உங்க மேலதேன் இருக்கு! என் மேலயும் இருந்துச்சு!"

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியகுளம் சாலைக்கு ஓடினாள். போடி ரயில் தண்டவாளத்தை யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போய் ஆறு வருஷமாகியிருந்தது. மதுரைக்குப் போக பஸ்தான் கதி.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தொடைப் புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினார். அப்புறம் பிள்ளையின் நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார்.

"சமீபத்துல தொண்டை வலி, காய்ச்சல் ஏதும் வந்துச்சாம்மா?"

"இந்த ரெண்டு மாசத்துல ஒண்ணும் இல்லைங்க."

தொண்டையைத் தாக்கும் கிருமி ஒன்று உண்டு; அதனால் பின்னாளில் இதயமும் கெடும், கைகாலும் தானாக ஆடும். அதோடு உடம்பு மல்லுக்கட்டியிருந்தால் ரத்தத்தில் ஏறும் எதிர்ப்புச் சத்தின் அளவு காட்டிக்கொடுக்கும் என்று சொல்லி, ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

புரட்டாசி பாதியில் காகிதம் வந்தது. அன்றைக்கென்று சுருளியாண்டியும் கையில் கட்டோடு வந்து நின்றான். டாக்டரம்மா வேறொரு வார்டில் இருந்தார். கம்பவுண்டர் வீரணன் காகிதத்தைப் பார்த்து, "நூறுன்னு போட்டிருக்காக. இருநூறு வரைக்கும் எல்லாருக்கும் இருக்கிறதுதேன். ரத்தத்துல ஒண்ணுமில்ல" என்றார்.

"கேட்டியாடி? ஒண்ணுமில்லையாம்! நோவு இல்லைன்னா பேய்தானே?" சுருளியாண்டி மகளைக் கட்டிலிலிருந்து இழுத்தான். பிள்ளை தரையில் விழுந்து துள்ளியது. சங்கிலியம்மாள் அவன் கையைக் கடித்துத் தொங்கினாள். ரத்தம் வந்தும் விடவில்லை. அவன் அவளைத் தூக்கித் தூணில் அறைந்தான். இடது கை எலும்பு முறிந்த சத்தம் அடுத்த வார்டுக்குக் கேட்டது. முறிந்த கையோடு அவள் மகள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். அவன் இடுப்பில் மிதித்தான்.

ஓடி வந்த டாக்டரம்மா இருவருக்கும் நடுவில் புகுந்தார்.

"நூறுன்னா நோய் வரலைன்னு அர்த்தமில்லை!" என்று கத்தினார். "தொண்டை நோவு வந்த ஒரு மாசத்துல பாத்திருந்தா இது ஏறியிருக்கும். மாசம் ஆக ஆக இறங்கிடும். இந்தக் கைகால் ஆட்டம் மூணு நாலு மாசம் கழிச்சுக்கூட வரும். ரெண்டு மாசம் வேண்டாம், அதுக்கும் முன்னாடி யோசிச்சுச் சொல்லும்மா."

சங்கிலியம்மாள் தரையில் கிடந்தபடியே யோசித்தாள். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போய்த் திரும்பியபோது பிள்ளை எச்சில்கூட விழுங்க முடியாமல் கொதித்துக் கிடந்தது. நான்காம் நாள், வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று களையெடுக்க அடித்து விரட்டியது அவள்தான்.

"வந்துச்சு தாயி" என்றாள். "நாந்தேன் பெரிசா எடுத்துக்கிறலை."

டாக்டரம்மா குழாயைச் சுருளியாண்டியின் காதில் மாட்டி, மறுமுனையைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தார். "கேளு."

அவன் கேட்டான். முகம் மாறியது. "மடை ஒழுகுற மாதிரி சலசலங்குது."

"இதயத்துல இருக்கிற மடைதான். அந்த நோய் அரிச்சது. நான் நம்புறது காகிதத்தை மட்டும் இல்லை, இதையும்தான். நீ சாட்டையால அடிச்சா இது அடையுமா?"

அவன் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்தான். மனைவியின் பக்கம் திரும்ப அவனுக்குத் தைரியம் வரவில்லை.

தை மாதத்தில் பாண்டியம்மாளின் கைகால்கள் அடங்கின. நெஞ்சின் சலசலப்பு மட்டும் போகவில்லை. நோய் திரும்பாமலிருக்கத் தினமும் சல்பா மாத்திரை விழுங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். புறப்படும்போது சங்கிலியம்மாள் கேட்டாள்: "நான் அடிச்சதுனாலயா வந்துச்சு?"

"இல்லை" என்றார் டாக்டரம்மா.

அந்த வார்த்தை அவளுக்கு ஆறுதலாக இல்லை. ஊருக்கு வந்த பிறகு உறியிலிருந்து மோர்ச்சட்டியை எடுக்க அவள் கையைத் தூக்கினாலே போதும், பிள்ளை தலையை மூடிக்கொண்டு மூலையில் ஒடுங்கியது. அதைக் கண்ட முதல் நாள் அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, கோணலாகக் கூடிய கையால் தன் முகத்தில் மாறி மாறி அறைந்துகொண்டாள். பிள்ளை இன்னும் பயந்தது. அதோடு அதையும் நிறுத்தினாள்.

சுருளியாண்டியை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. அவன் தன் அண்ணன் வீட்டில் தங்கி வயலைப் பார்த்தான். மாத்திரை வாங்கிவர மதுரைக்குப் போய்வந்தான். கோபம் வந்தால் சங்கிலியம்மாள் வயலுக்குப் போய் மண்கட்டிகளை உடைத்துவிட்டு வருவாள். அவள் கை தூக்கும்போது பாண்டியம்மாள் ஒடுங்காமல் நிற்க அடுத்த ஆடி வரை ஆனது.