கம்பத்தில் வைத்த கை

புயல் போய் நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. மேட்டுத் தெருக்களில் ஏழாம் நாளே விளக்கு எரிந்தது. பள்ளத்துத் தெருக்களுக்கு இன்றுதான் முறை தொடங்கியது. லைன்மேன் குடியிருந்ததும் அங்கேதான். ஊருக்கெல்லாம் வெளிச்சம் போட்டுவிட்டு வீட்டில் மெழுகுவர்த்தியில் சாப்பிடுகிறார் என்று மனைவி குத்திக்காட்டாத நாளில்லை.

கம்பம் ஏற அவருக்குப் பயம் வந்தது போன வாரம்தான். பதினாறு வருடம் அவருக்கு ஏணி பிடித்த கூட்டாளி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே கம்பியைத் தொட்டார்; அப்படியும் செத்துப்போனார். யாரோ ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் நேராகச் செருகியிருந்தார்கள். அது பின்வழியாகத் தெருக் கம்பியில் ஏறிவிட்டது. கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு இருந்திருந்தால் பிழைத்திருப்பார். அலுவலகத்தில் மிஞ்சிய இரண்டு ராடுகளும் மேட்டுத் தெருப் பழுது வேலைக்குப் போயிருந்தன.

இன்றும் ராடு இல்லை. அதனால் அன்று வேலை செய்யவிருந்த தெருவின் பதினான்கு வீடுகளிலும் ஏறி இறங்கிக் கேட்டார். யாரிடமும் ஜெனரேட்டர் இல்லையாம். அவருடைய தங்கை கணவரான தையல்காரர் சிரிக்கவே செய்தார்.

"என் மூஞ்சியப் பாத்தா ஜெனரேட்டர் வெச்சிருக்கிறவன் மாதிரியா இருக்கு, மச்சான்?"

மெயினை இறக்கிவிட்டு ஏறினார். கம்பியில் மின்சாரம் இருந்தால் நுனி எரியும் சோதனைக் கோலை நீட்டினார். விளக்கு எரியவில்லை. இடுப்புப் பட்டையை மாட்டிக் கையை நீட்டினார். கம்பிக்கு ஒரு சாண் இருக்கும்போது, மனசு கேட்காமல் கோலை இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். நுனி சிவப்பாக எரிந்தது.

கீழே வந்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தையல்காரர் ஓடிவந்தார். அவர் சட்டையில் பெட்ரோல் வாடை அடித்தது.

"மாப்ள, நான் மறுபடி ஏறப் போறேன். நீங்க கம்பத்தப் புடிச்சிட்டு நில்லுங்க. இரும்புக் கம்பம். நான் இறங்கற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது."

தையல்காரர் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். கை மட்டும் நீளவில்லை.

"பத்து நிமிஷம்தான் போட்டேன், மச்சான். துணி தேங்கிக் கெடக்கு. சத்தம் கேக்காம குளியலறையில மெத்தையப் போத்தி..."

"தங்கச்சியும் இல்லன்னாளே."

"நாந்தான் சொல்லச் சொன்னேன். நீங்க புடுங்கிட்டுப் போயிடுவீங்கன்னு பயம்."

"இப்ப எனக்குப் பயமா இருக்கு. புடிங்க."

தையல்காரர் வீட்டுக்கு ஓடி, ஜெனரேட்டர் ஓடத் தேவையான ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எடுத்துவந்தார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் மூன்று பேர் தங்கள் வீடுகளுக்குள் போனார்கள். மூன்று பிளக்குகள் வந்தன.

மீதி வீடுகளுக்குள் லைன்மேன் தானே போனார். கட்டிலுக்கு அடியில், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், மாடிப்படி இடுக்கில் தேடினார்.

"இல்லன்னு அப்பவே சொன்னேனே," என்றார் கடைசி வீட்டுக்காரர்.

"சொன்னீங்க," என்று சொல்லிவிட்டு அவருடைய சமையலறைக்குள் நுழைந்தார்.

பிறகு ஏறினார். பிளக் கொடுத்த நான்கு பேரும் கம்பத்தைப் பிடித்திருந்தார்கள். இருபது நிமிடம் ஒருவரும் கையை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அந்தத் தெருவுக்கு மின்சாரம் வந்தது. அடுத்த தெருவுக்கு இன்னும் எட்டு நாள் ஆனது. அங்கே அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. முதல் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு நேராகக் குளியலறைக்குப் போனார்.