போற வீடு

“விரலை வைங்க மேடம். டிஸ்க் மேல இல்ல, அந்த அட்டை மேல. வெச்சுட்டு வாய்விட்டுச் சொல்லுங்க.”

வைத்தேன். என் மடிக்கணினியின் வயிற்றிலிருந்து கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க் மேசையில் கிடந்தது. அதன் மேல் ரப்பர் பேண்டு போட்டு ஓர் அட்டை: ‘நிறைஞ்ச வீடு’. பக்கத்தில், சீட்டுக்கட்டை விடச் சன்னமாகப் புதிய எஸ்எஸ்டி, பல மடங்கு வேகமான புதுவகை டிஸ்க். அதற்கும் ஓர் அட்டை: ‘காலி வீடு’. “இதுலேருந்து இதுக்கு” என்றேன். “இன்னொரு தடவை” என்றார் கடைக்காரர். யாராவது எனக்குக் கட்டளையிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு ஏனோ வரவில்லை. பள்ளிப் பிள்ளை மாதிரி மறுபடியும் ஒப்பித்தேன். அதற்குப் பிறகுதான் அவர் மௌஸைத் தொட்டார்.

கடைக்கு வாசலில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. “வீடு மாத்துறவர்கிட்ட போ” என்றுதான் சொல்வார்கள். கணினி நத்தையாக ஊர்கிறது என்று போனால், மற்ற கடைகளில் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருவார்கள். இவர் அழிக்க மாட்டார். உள்ளே இருக்கும் சிஸ்டத்தை இருந்தபடியே, ஒரு துரும்பு குறையாமல், எஸ்எஸ்டிக்குக் குடிபெயர்த்துத் தருவார். வேகமும் வரும், வீடும் மாறாது.

“புதுசா போட்டா சுத்தமாத்தான் இருக்கும் மேடம். ஹோட்டல் ரூம்கூட சுத்தமாத்தான் இருக்கு. அதுல போய் குடும்பம் நடத்த முடியுமா?”

ஐம்பத்தெட்டு வயது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “கண்ணாடியைப் பாத்தீங்களா?” என்று வருகிறவர்களிடம் கேட்பார். கழற்றிய ஸ்க்ரூக்களை, வாரத்தின் ஏழு நாட்களுக்கும் ஏழு அறை வைத்த மாத்திரை டப்பாவில் போட்டு வைக்கிறார். “உங்க ஸ்க்ரூ வியாழக்கிழமையில இருக்கு” என்று என்னிடம் சொன்னபோது, வேலை வியாழக்கிழமைதான் முடியும் என்று நினைத்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்பிவிட்டேன். பிறகு டப்பாவைத் திறந்து காட்டினார்.

வேலையைத் தொடங்கும் முன் கணினித் திரையைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார். எந்த ஃபைல் எந்த மூலையில் இருந்தது, பின்னால் என்ன படம் இருந்தது, எல்லாம் பதிவாக வேண்டும். இதற்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், திரை முழுக்க முந்நூறு ஃபைல்களை இறைத்து வைத்திருந்தாராம். பார்க்கச் சகிக்காமல், நல்லது செய்வதாக நினைத்து இவர் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலையில் வாத்தியார் கடை வாசலில் நின்றார். “என் வீட்ல யாரோ புகுந்துட்டாங்க சார்” என்றாராம். மறுபடியும் முந்நூறையும் இறைத்துக் கொடுக்க ஒரு நாள் பிடித்தது.

பெரிய டிஸ்க்கிலிருந்து சிறிய எஸ்எஸ்டிக்கு மாற்றும்போது ஒரு சங்கடம் உண்டு. பத்து வருடத்துக்கு முன் ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். கணவரிடம் இவர் வெள்ளை மனதோடு, “உங்களுக்கு எதுக்கு சார் பெருசு? சின்ன வீடு போதும்” என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் பார்த்த பார்வையில் கணவருக்கு வியர்த்துவிட்டது. அன்றிலிருந்து இந்தக் கடையில் ‘சின்ன வீடு’ என்ற சொல்லுக்குத் தடை. தடை போட்டவர் அவருடைய மனைவி.

மனைவியைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்காமலே ஒவ்வொரு பேச்சிலும் அவர் வந்துகொண்டிருந்தார். ‘அவ போட்ட சட்டம்’, ‘அவ எழுதின அட்டை’, ‘இது அவ பக்கம்’. கடையில் இரண்டு மேசைகள். ஒன்று இவருடையது, கேபிள்களும் தேநீர்க் கறையுமாக. இன்னொன்று துடைத்து வைத்தது. அதில் ஒரு பழைய டெஸ்க்டாப், விசைப்பலகைக்கு மேல் மடித்த துணி, முன்னால் ஒரு ஸ்டூல். இருபது வருடம் இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய கடை. மகளுக்குப் பிரசவம் என்று அம்மா விமானம் ஏறினார். ஆறு மாதம் என்றுதான் பேச்சு. பிறந்தது இரட்டைக் குழந்தை. பிறகு மகள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பிறகு மூன்றாவது ஒன்று பிறந்தது. மூன்று வருடம் ஆகிவிட்டது.

“அவ இல்லாம கடை ஓடுது மேடம். எனக்குத்தான் ஓடல.”

இதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை.  என் டிஸ்க் எத்தனை சதவீதம் நகலாகியிருக்கிறது என்று கேட்டு வைத்தேன்.

அட்டைகளுக்கு வருகிறேன். முன்பெல்லாம் இவர் எழுதி ஒட்டியது ‘நிறைஞ்ச வீடு, காலி வீடு’ என்றல்ல. புதிய டிஸ்க்கின் மேல் மட்டும் ‘போற வீடு’ என்று எழுதுவார். நாம் குடிபோகப்போகிற வீடு என்று அவருக்கு அர்த்தம். ஒரு நாள் கடையின் சொந்தக் கணினியையே மாற்ற வேண்டியிருந்தது. இவர் அட்டையை ஒட்டி வைத்துவிட்டு வெளியே போனார். மனைவி வேலையை ஆரம்பித்தார். ‘போற வீடு’ என்றால், கையை விட்டுப் போகிற வீடு, அதாவது பழையது என்று அவருக்கு அர்த்தம். எது எதிலிருந்து, எது எதற்கு என்பது தலைகீழாகிவிட்டது. வெறுமையான டிஸ்க், நிறைந்த டிஸ்க்கின் மேல் அப்படியே நகலானது. மகள் பிறந்ததிலிருந்து பள்ளி முடித்தது வரை எடுத்த படங்கள் அத்தனையும் அதில் இருந்தன. திரும்பி வந்து பார்த்தால் இரண்டு டிஸ்க்கும் காலி.

“யார் தப்புன்னு சொல்லுவீங்க? தமிழ் தப்பு” என்றார். “ரெண்டு நாள் பேசல மேடம். நானும் பேசல. மூணாவது நாள் காலையில இந்த ரெண்டு அட்டையையும் எழுதி என் முன்னால போட்டா. ‘இனிமே இந்தக் கடையில போற-ங்கற வார்த்தையே வேணாம்’னா. வர்றவங்க விரலை வெச்சு ஒப்பிக்கற சட்டமும் அவளோடதுதான்.”

அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். வட்டமான, பொறுமையான கையெழுத்து. ஓரம் பிய்ந்து, செல்லோடேப் மேல் செல்லோடேப் ஒட்டி, அட்டையைவிட டேப்தான் அதிகம். “வேற எழுதிக்கலாமே” என்று வாய் சும்மா இராமல் கேட்டேன். அவர் அட்டைகளை என் கையிலிருந்து வாங்கி, மறுபடியும் டிஸ்க்குகளின் மேல் வைத்தார்.

“ஏர்போர்ட்லகூட பாருங்க, போறேன்னு சொல்லல. ‘போயிட்டு வர்றேன்’னு சொன்னா. அப்புறம் நாலடி நடந்துட்டுத் திரும்பி வந்து, ‘என் மெஷின்ல கை வெக்காதீங்க. நான் வந்து நானே மாத்திக்கறேன்’னா.”

அதனால், ஊரார் வீட்டையெல்லாம் மாற்றிக் கொடுத்தவர் மனைவியின் மெஷினை மட்டும் மாற்றவில்லை. எல்லாருக்கும் பத்து, பன்னிரண்டு வினாடியில் கணினி திறக்கிறது. அந்த மெஷின் திறக்க நான்கு நிமிடம். காலையில் கடையைத் திறந்ததும் முதலில் அதன் பொத்தானைத்தான் அழுத்துவார். தேநீர் டம்ளரோடு தன் மேசையில் உட்கார்ந்து அந்த நான்கு நிமிடத்தையும் காத்திருந்து கழிப்பார். இரண்டு பேரும் கடையைத் திறந்த நாட்களில், மெஷின் கண் விழிக்கும் வரைதான் அவர்கள் சும்மா உட்கார்ந்து பேசுவது வழக்கமாம். அதற்குப் பிறகு ஆட்கள் வந்துவிடுவார்கள். கடைசியில் மனைவியின் பெயரும், பாஸ்வேர்ட் கேட்கும் கட்டமும் திரையில் வரும். பார்ப்பார். அணைத்துவிடுவார். பாஸ்வேர்ட் அவருக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

இரண்டாம் முறை நான் போனது என் மடிக்கணினியை வாங்குவதற்கு. மதியம். அவர் தேநீர் குடிக்கவில்லை. மனைவியின் மேசைக்கு முன் நின்றுகொண்டிருந்தார். மேசைக்கு அடியிலிருந்து ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம். எனக்குக்கூடப் புரிந்தது, அது நல்ல சத்தமில்லை.

“பத்து நாளா முனகிட்டிருந்தது. இன்னைக்கு மூணு தடவை போட்டும் வரல. நாலாவது தடவை வந்துச்சு” என்றார். “இன்னொரு தடவை அணைச்சா எழுந்திருக்குமான்னு தெரியாது.”

மாற்றினால், மனைவி வந்து செய்வதற்கென்று இருந்த வேலை போய்விடும். மாற்றாவிட்டால் மனைவியின் வீடே போய்விடும்.  அவர் நெற்றியில் இருந்த கண்ணாடியை இரண்டு தடவை தேடினார். பிறகு மெஷினை அணைத்தார். ஸ்க்ரூக்களைக் கழற்றி ஞாயிற்றுக்கிழமை அறையில் போட்டார். அந்த அறையில் அதற்கு முன் யார் ஸ்க்ரூவையும் நான் பார்த்ததில்லை. இரண்டு டிஸ்க்கையும் கேபிளில் மாட்டி, அட்டைகளைப் போட்டார்.

“மேடம், ஒரு விரல் கொடுங்க. சட்டம் சட்டம்தான்.”

கொடுத்தேன்.  “இதுலேருந்து இதுக்கு” என்று கேட்கப்படாமலே இரண்டு தடவை சொன்னேன். நகல் ஓட ஆரம்பித்தது. எனக்கு வேறு வேலை இருந்தது, போகவில்லை. அறுபத்து மூன்று சதவீதத்தில் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அதே அறுபத்து மூன்று. பழைய டிஸ்க் ‘டிக், டிக்’ என்றது. அவர் குனிந்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். “அவசரமே இல்ல. மெதுவா வா” என்று அதனிடம் சொன்னார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது என்று தெரியாது, திரும்பியபோது அறுபத்து நான்கு என்றிருந்தது.

நூறு ஆக மாலையாகிவிட்டது. பழையதைக் கழற்றித் தனியே வைத்தார். புதியதும் பழையதும் இப்போது ஒரே அடையாளம் கொண்டவை, இரண்டையும் சேர்த்து மாட்டினால் மெஷின் குழம்பும் என்று எனக்கு விளக்கினார். எஸ்எஸ்டியை மாட்டினார். பொத்தானை அழுத்திவிட்டு, பழக்க தோஷத்தில் தேநீர் டம்ளரை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போய் உட்காரப் பார்த்தார். உட்காருவதற்குள் மனைவியின் பெயர் வந்துவிட்டது. பதினோரு வினாடி. அவர் பாதி உட்கார்ந்தபடி திரையையே பார்த்தார்.

“வந்துடுச்சா? அதுக்குள்ளயா?” என்றார். வேறு யார் கணினி என்றாலும் அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்திருக்கும்.

 செல்போன் ஒலித்தது. அந்தப் பக்கம் காலை நேரம் போலிருக்கிறது; குழந்தைகளின் கூச்சல் முதலில் வந்தது, பிறகு மனைவியின் குரல். கையில் டம்ளர் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

“ஏங்க, சாப்டீங்களா?”

“ஆச்சு. உன் டிஸ்க் படுத்துடுச்சும்மா. மாத்திட்டேன். வேற வழியில்ல.”

 “எல்லாம் வந்துச்சா?” என்றது குரல்.

“உன் பேரு வந்திருக்கு. உள்ள போய்ப் பாத்தாத்தானே தெரியும்.”

அது அந்தக் கடையின் இன்னொரு சட்டம். உரியவர் தன் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய், எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது என்று சொன்னால்தான் மாற்றிய வேலை முடிந்ததாக அர்த்தம். அதுவரை பழைய டிஸ்க்கில் யாரும் கை வைக்கக் கூடாது. நானும் சற்று முன்புதான் அப்படி என் வீட்டுக்குள் போய்ப் பார்த்திருந்தேன்.

“இப்போதைக்கு வர முடியாதுங்க” என்றார் அந்த அம்மா. “சின்னதுக்கு நடக்க வந்துடுச்சு, விட்டுட்டு நகர முடியல. இவளும் வேலையை விட முடியாதுங்கறா. எனக்கு மட்டும் இங்க இருக்கணும்னு ஆசையா? பாஸ்வேர்ட் சொல்றேன், நீங்களே போய்ப் பாத்துடுங்க. எழுதிக்கோங்க.”

அவர் டம்ளரை வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, ஒரு காகிதத்தை இழுத்துக்கொண்டார். பேனா முனை காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

“எழுதறீங்களா?”

“பேனா எழுதலம்மா” என்றார்.

“வேற பேனா எடுங்க.”

“வேற இல்ல.”

மேசை மேல் இருந்த குவளையில் எட்டுப் பேனாக்கள் இருந்தன. அந்தப் பக்கத்தில் ஒரு குழந்தை எதற்கோ அழுதது, யாரோ அதைத் தூக்கிக்கொண்டார்கள்.

“அட்டை ரெண்டும் இருக்கா?” என்றது குரல், இப்போது மெதுவாக.

“இருக்கு.”

“பழசு மேல எது இருக்கு?”

“நிறைஞ்ச வீடுதான். நீ பாக்கற வரைக்கும் அது அப்படியேதான் இருக்கும்.”

“சரி. அப்போ நேர்லயே வந்து சொல்றேன்.”

எப்போது என்று அவர் கேட்கவில்லை. காகிதத்தில் ஒரு கீறல்கூட விழாத அந்தப் பேனாவை மூடி, சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.