கேட்டுக்கு வெளியே ஒரு சேவல்

பிரபாவுக்கு மெதுவாகப் பேச வராது. நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவில் இருக்கும் வேலுமணியின் முட்டைக்கோழிப் பண்ணையில் கேட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்குக் கிடைத்ததே அந்தக் குரலால்தான். அதற்கு முன் ஷெட்டில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு சத்தம் போட்டால் அடுத்த ஷெட்டு வரைக்கும் கோழிகள் கழுத்தைத் தூக்கிப் பார்க்கும். கோழி மிரண்டு முட்டை குறைகிறது என்று சூப்பர்வைசர் புகார் சொன்னபோது, "அப்ப அவளைக் கேட்டுல போடு. அங்க நின்னு கத்தட்டும்" என்றார் வேலுமணி.

கணவன் மாரியப்பன் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டான். மகள் சேலத்தில், அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். வீட்டில் அதட்ட ஆளில்லாமல் போக, அத்தனை அதட்டலும் கேட்டுக்கு வந்து சேர்ந்தது. தீவன லாரிக்காரர்கள் அவளைக் கலெக்டரம்மா என்பார்கள். அவளும் அதை மறுத்ததில்லை.

போன வருடம் பக்கத்துப் பண்ணை ஒன்றில் நோய் விழுந்து ஷெட்டே காலியானது. வேலுமணியின் மகன் கௌதமன் பெங்களூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, முதல் காரியமாகக் கேட்டில் போர்டு வைத்தான். வண்டி வந்தால் மருந்துத் தண்ணீர் அடிக்க வேண்டும். யாராக இருந்தாலும் குளித்து, பண்ணையின் நீல உடுப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். இங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது. வெளிக்கோழி உயிரோடோ செத்தோ கேட்டருகே வரக் கூடாது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினான். "இனிமே இங்க எல்லாமே பை த புக்."

"அப்படின்னா என்னுங்க தம்பி?" என்றாள் பிரபா.

"எழுதி வச்சபடி அப்படியே நடக்கறது."

"அதை நாங்க சட்டம் பேசறதுன்னு சொல்லுவமுங்க."

"அது திட்டற மாதிரியில்ல இருக்குது?"

"திட்டேதானுங்க."

கௌதமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பெனியில் புழங்கிய மற்ற வார்த்தைகளையும் சொன்னான். ரூல்ஸைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டால் பென்ட் பண்றது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தால் பிளைண்ட் ஐ. "இது ரெண்டும் இங்க ஆகாது" என்றான். அந்த இரண்டுக்கும் தங்கள் பேச்சில் அனுசரிச்சுப் போறது, கண்டுக்காம உடறது என்று மரியாதையான பெயர்கள் இருப்பதைப் பிரபா அவனிடம் சொல்லவில்லை.

சட்டத்தின் முதல் அடி அத்தாயி மேல் விழுந்தது. அவள் மூன்றாம் ஷெட்டில் முட்டை பொறுக்குகிறவள். தினமும் பிரபாவோடு உட்கார்ந்து சோற்றைப் பகிர்ந்துகொள்கிறவள். மகன் பைக்கிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டபோது காளியம்மனுக்கு நேர்ந்து, வீட்டில் ஒரு செஞ்சேவல் வளர்த்துவந்தாள். ஒருநாள் காலையில் அவள் கொண்டையில் ஒட்டியிருந்த சிவப்பு இறகு பிரபாவின் கண்ணில் பட்டது. பண்ணைக் கோழிகள் எல்லாமே வெள்ளை.

"இது எந்தக் கோழியோடதுடி?"

"சாமிக்கு உட்ட சேவல்க்கா. கோயில் நோம்பி வரைக்குந்தான். கண்டுக்காத."

"சாமிக்கு உட்டா நோய் வராதா? எங்கியாச்சும் கொண்டுபோய் உட்டுட்டு வா. அது வரைக்கும் கேட்டு தொறக்காது."

அத்தாயி அதை வாழப்பாடியில் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். அங்கே நாய் பிடித்துக்கொண்டது. நேர்த்திக்கடன் அப்படியே நின்றுபோனது. அன்றிலிருந்து பிரபாவோடு பேச்சில்லை. காலையில் கேட்டருகே இருக்கும் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைக்கும்போது மட்டும் தரையைப் பார்த்து, "சட்டம் பேசறவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள். யார் என்ன கத்தினாலும் திருப்பிக் கத்துகிற பிரபாவுக்கு இந்த முணுமுணுப்புக்கு மட்டும் பதில் வராது.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை புது ஷெட்டுக்குப் பூசை வைத்தார்கள். புது ஷெட்டின் வாசலில் செஞ்சேவல் காவு கொடுக்காமல் வேலுமணி எதையும் திறந்ததில்லை. ஆயிரக்கணக்கில் கோழி இருந்தும் அத்தனையும் வெள்ளைப் பெட்டைகள். அதனால் சந்தையில் சேவல் வாங்கிக்கொண்டு, பட்டு வேட்டியில் காரோட்டி வந்தார். பின் சீட்டில் பூசாரி காத்தானும், திருச்செங்கோட்டிலிருந்து வந்த மச்சான் சின்னராஜும் இருந்தார்கள். இருவருக்கும் நடுவில் கூடைக்குள் சேவல்.

பிரபா கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். "அது என்னுங்கய்யா?"

"சேவல். கண்ணு தெரியலையா?"

"தெரியறதாலதானுங்க கேக்கறேன்."

"ஏம்மா, யாரு கேட்டுல யாரை நிறுத்தற?" என்றார் சின்னராஜ். "நல்ல நேரம் போய்ட்டிருக்குது."

சத்தம் கேட்டு, உள்ளேயிருந்து கௌதமன் நீல உடுப்போடு வந்தான். அப்பாவைப் பார்த்தான், போர்டைப் பார்த்தான். "பிரபாக்கா, இன்னிக்கு ஒரு நாள் பென்ட் பண்ணிக்கலாம். நேரா புது ஷெட்டுக்குத்தான் போறாங்க. அதுல இன்னும் கோழி உடவேயில்லை."

"எவ்வளவு வளைக்கலாமுங்க தம்பி? போர்டுல அளவு போடலீங்களே."

கம்பி வேலிக்கு உள்பக்கம் முட்டை பொறுக்கும் பெண்கள் டிரேயோடு வந்து நின்றுவிட்டார்கள். முன்னால் நிற்பது அத்தாயிதான் என்று திரும்பிப் பார்க்காமலே பிரபாவுக்குத் தெரிந்தது. இப்போது திறந்தால், நாளைக் காலையில் அவள் கண்ணைப் பார்க்க முடியாது. திறக்காவிட்டால், நாளைக் காலையில் நிற்க இந்தக் கேட்டே இருக்காது.

வேலுமணி இறங்கி வந்தார். "நாஞ் சொல்றேன். தொற."

பிரபா இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கார் பானெட்டின் மேல் வைத்தாள். "உங்க கேட்டுங்க, நீங்களே தொறந்துக்குங்க. நான் தொறக்க மாட்டனுங்க. அத்தாயி வளத்ததும் சாமி சேவல்தான். அதை ஊரு விட்டு ஊரு ஓட்டி நாய்க்குக் குடுத்தவ நான். உங்க சேவலுக்கு மட்டும் தொறந்துட்டா, அப்பறம் இங்க ஒரு லாரியக்கூட நிறுத்த எனக்கு வாயிருக்காது."

வேலுமணி சாவியைக் கையில் எடுத்தார். காருக்குள் சேவல் ஒருமுறை கூவி அடங்கியது.

"அக்கா! உட்டுராத!"

அத்தாயியின் குரல். அவ்வளவுதான், வேலிக்குப் பின்னால் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். "உடாதீங்கக்கா! உடாதீங்க!"

வேலுமணி சாவியையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏப்பா காத்தான், இங்கியே ரோட்டுல அறுத்துட்டா?"

"தாராளமாங்க. எல்லையில குடுக்கறது வழக்கந்தானுங்க."

"ரத்தமும் ஆகாதுங்க" என்றாள் பிரபா. "வண்டிச் சக்கரத்துல ஒட்டிட்டு உள்ள வந்துரும். செத்தோன்னும் போர்டுல போட்டிருக்குதுங்க."

வேலுமணி மகன் பக்கம் திரும்பினார். "இதை எழுதுனது நீதான?"

"ஆமாங்கப்பா."

"நல்லா எழுதுன, போ." அவர் முகத்தில் கோபம் கரைந்து ஏதோ ஒன்று இழுத்தது, சிரிப்பு மாதிரி. சாவியைப் பிரபாவின் கையிலேயே திருப்பி வைத்தார். "காத்தான், பூசணிக்காய் உடைச்சுக்கலாம். வா, குளிக்கலாம்."

காரை வெளியே விட்டுவிட்டு மூவரும் குளித்தார்கள். பட்டு வேட்டிக்கு அனுமதி கேட்ட சின்னராஜுக்கு, "ஆகாதுங்க" என்று ஒரே பதில்தான். கணுக்காலுக்கு மேல் நின்ற நீலப் பேன்ட்டில் அவர் நடந்துபோனபோது பெண்கள் டிரேயால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். பிரபா மறைக்கவில்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தில் சேவலைக் கட்டிப் போட்டிருந்தார்கள். பூசை முடிந்து திரும்பியபோது வேலுமணி, "அதை என்ன பண்றது?" என்றார்.

"அத்தாயிக்கு நேர்த்தி பாக்கியிருக்குதுங்க."

"எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்று காரில் ஏறினார்.

வேலை முடிந்து அத்தாயி சேவலை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "வாரேங்க்கா."

"ஊட்டுக்குக் கொண்டுபோயிராத. நேராக் கோயிலுக்குப் போ. சேவலைத் தொட்ட கையில ஷெட்டுக் கோழியத் தொடக் கூடாது, மூணு நாளைக்கு இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காத. தம்பிகிட்ட லீவு சொல்லிட்டேன்."

அத்தாயி பத்தடி போய், நடு ரோட்டில் நின்று திரும்பினாள். இந்த முறை தரையைப் பார்க்கவில்லை. "சட்டம் பேசறவளே!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

"பேசுவேன்டி! இன்னும் பேசுவேன்!"

முதல் ஷெட்டில் கோழிகள் ஒட்டுமொத்தமாகக் கழுத்தைத் தூக்கிப் பார்த்தன.