ஒரு சொல்லும் விடாமல்

ரங்கம்மாளுக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாது. பெரியநாயக்கன்பாளையத்துப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பதினெட்டு வருஷமாக டைப்பிஸ்ட். ஒரு லெட்டர் அடித்து முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்து ஜன்னலைப் பார்ப்பாள். அப்படிப்பட்டவளை 1997ஆம் வருஷத்து ஆண்டு விழாவன்று கேட்கவா வேண்டும்? காலையிலிருந்து ஏழு தடவை வாசல் கேட்டுக்கும் ஆபீசுக்கும் நடந்துவிட்டாள்.

எல்லாம் வெள்ளியங்கிரிக்காகத்தான். சிங்காநல்லூரில் மில் தொழிலாளி. பெற்றவர்கள் இரண்டு பேருக்கும் காது கேட்காது என்பதால் சைகை பாஷை அவருக்கு வீட்டுப் பேச்சு. மேடையில் பேசுவதைக் காது கேளாத மாணவர்கள் ஒன்பது பேருக்குக் கையால் சொல்ல, அவரைத் தேடிப் பிடித்தவள் ரங்கம்மாள். பிரின்சிபால் சொல்லி அல்ல. லோகப்பிரியா கேட்டாள் என்று.

லோகப்பிரியா அந்த ஒன்பது பேரில் ஒருத்தி, கடைசி வருஷம். போன வருஷ விழாவில் ஹாலே சிரித்தபோது அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். சிரித்தது தங்களைப் பார்த்துத்தான் என்று ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்ததாம். அதை ஒரு தாளில் எழுதி, "இந்தத் தடவை ஒரு சொல்லும் விடாமல் எங்களுக்கு வேண்டும்" என்று அடியில் சேர்த்து, ரங்கம்மாளின் மேஜையில் வைத்தாள். ரங்கம்மாள் அதைப் படித்தாள். டைப் மெஷினிலேயே "சரி கண்ணு" என்று அடித்துக் கொடுத்தாள்.

பத்து மணிக்கு மில்லிலிருந்து போன் வந்தது. அடுத்த ஷிப்ட் ஆள் வரவில்லை, வெள்ளியங்கிரியை விட மாட்டோம் என்கிறார்களாம். ரங்கம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு ஓடினாள், நேராக எலக்ட்ரானிக்ஸ் லேபுக்கு. கண்ணாடித் தாளில் எழுதியதைப் பெரிதாகத் திரையில் காட்டும் புரொஜெக்டர் அங்கேதான் இருந்தது. லேப் சாரைக் கேட்காமல் தர முடியாது என்றார் லேப் அட்டெண்டர் நஞ்சப்பன். கேட்க நேரமில்லை என்று அவரையே தூக்க வைத்து மேடையோரம் கொண்டுவந்தாள்.

விழா ஆரம்பித்தது. காற்றாடியில் பறக்கும் தாளை முழங்கையால் அழுத்திக்கொண்டு, பேசப் பேச எழுதித் தள்ளினாள். கடைசியாகச் சிறப்பு விருந்தினர் எழுந்தார். பம்ப் கம்பெனி முதலாளி, கல்லூரிக்கு நிறையச் செய்தவர்.

"இந்தப் புள்ளைங்களுக்கு நான் வேலை தாரனுங்க. வேலை நேரத்துல கதை பேசமாட்டாங்க, மொதலாளிய எதுத்துப் பேசமாட்டாங்க. வேறென்னங்க வேணும்?"

ஹால் சிரித்தது. ரங்கம்மாளின் பேனா நின்றது. வீடு தேடி வந்தவரின் மனம் கோணக்கூடாது என்றே வளர்ந்த ஊர். விருந்தாளியின் வாயிலிருந்து எது விழுந்தாலும் துடைத்து நல்லதாக்கிவிடுவதுதான் இங்கே மரியாதை. அந்தப் பழக்கத்தில், "இந்தப் பிள்ளைகளுக்கு நான் வேலை தருகிறேன்" என்று மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டாள்.

ஒன்பதில் எட்டுப் பேர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள், அதுதான் அவர்களுக்குக் கைதட்டல். லோகப்பிரியா ஆட்டவில்லை. பக்கத்து வரிசையின் சிரிப்பைப் பார்த்தாள். பிறகு ரங்கம்மாளைப் பார்த்தாள். இவளுக்குத் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்ளத்தான் முடிந்தது. அடிப் பாவி, கேட்டவளிடமே மறைத்துவிட்டாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். 

தாளை மேலே தள்ளினாள். விட்டதை எல்லாம் அவர் சொன்னபடியே எழுதினாள், ஓர் எழுத்துக் குறையாமல். முன் வரிசையில் தொடங்கிச் சிரிப்பு அடங்கியது. முதலாளி திரும்பி, திரையில் தன் பேச்சைத் தானே படித்தார். பிரின்சிபால் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். வேலை போனாலும் போகட்டும் என்று ரங்கம்மாள் அசையாமல் நின்றாள்.

லோகப்பிரியா எழுந்து வந்து கையை நீட்டினாள். ரங்கம்மாள் பேனாவைக் கொடுத்தாள். முதலாளியின் வரிகளுக்குக் கீழே அந்தப் பெண் நிதானமாக எழுதினாள்:

"வேலைக்கு வருவோமுங்க. எதிர்த்தும் பேசுவோமுங்க."